பழைய காருக்குப் புதுக் கண்: இருட்டை அறியும் மின்சுற்று

உங்கள் வகுப்பறைக்குள் ஒரு புதிய காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். எல்லா மின்விளக்குகளும் எரிகின்றன. பலகையில் எழுதியிருப்பது கடைசி இருக்கையிலிருந்தும் தெளிவாகத் தெரிகிறது. காரின் விளக்குப் பொத்தானை ‘ஆட்டோ’ நிலையில் வைத்து இயந்திரத்தை முடுக்கினால், முகப்பு விளக்குகள் எரியுமா, எரியாதா?

எரியும். நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் வகுப்பறை அந்தக் காருக்கு இருட்டு. நன்றாக விளக்கிட்ட வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் ஒளி இருக்கும். வெளியே உச்சி வெயிலிலோ ஏறத்தாழ 100,000 லக்ஸ். கண்ணின் பாவை சுருங்கியும் விரிந்தும், விழித்திரை தன் உணர்திறனை மாற்றியும் இந்த இருநூறு மடங்கு வேறுபாட்டை நம்மிடமிருந்து மறைத்துவிடுகின்றன. வாகன ஓட்டுநர் விளக்குப் போட மறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தீபாவளி ஒளியூட்டுக் காலத்தில் சிராங்கூன் சாலையில் போகும்போது பகல்போல இருக்கிறது என்கிறோம். சாலை மட்டத்தில் லக்ஸ் மீட்டரை வைத்துப் பார்த்தால் வகுப்பறை அளவுக்குக்கூட வராது.

சிங்கப்பூரில் மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரை வாகன விளக்குகள் எரிய வேண்டும் என்பது சட்டம். மோட்டார்சைக்கிள்கள் 1995 நவம்பரிலிருந்து பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் இதைக் கவனித்துக்கொள்ளத் தானியங்கி விளக்குகள் உள்ளன. பழைய கார்களில் இல்லை. அப்படி ஒரு பழைய காருக்கு இந்த வசதியைச் சேர்க்க வேண்டுமானால் என்ன செய்வது? உயர்நிலை மூன்று, நான்கில் நீங்கள் படிக்கும் மின்சுற்றுப் பாடமே இதற்குப் போதும்.

நம் பாடத்துக்கு நான் தேர்ந்தெடுத்த கார் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். அதன் முதல் தலைமுறையில் முகப்பு விளக்குகள் மூடிக்குள் படுத்திருக்கும். பொத்தானைப் போட்டால் தவளைக் கண்போல மேலே எழும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி மோட்டார். இந்த மோட்டார்கள்தான் நம் வடிவமைப்பைச் சற்றுச் சவாலாக்கப் போகின்றன.

கடிகாரம் போதாதா?

“ஏழு மணிக்குத் தானாக எரியும்படி ஒரு டைமர் வைத்தால் போதுமே, சார்?” என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததில்லை. நியாயமான கேள்விதான். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் சுமார் அரை மணி நேரத்துக்குள்ளேயே மாறுகிறது. நவம்பரில் 7 மணிக்குச் சற்று முன்னால், பிப்ரவரியில் 7.20 மணியை ஒட்டி. சென்னையில் இந்த வேறுபாடு ஒரு மணி நேரம்.

ஆனால், பிற்பகல் 4 மணிக்கு வானம் கறுத்துக் கொட்டும் மழை டைமருக்குத் தெரியாது. சுரங்கச் சாலையும் தெரியாது. காலாங்-பாய லேபார் விரைவுச்சாலையில் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் சுரங்கம். 2013 டிசம்பர் 29ஆம் தேதி திறக்கப்பட்ட மரினா கடலோர விரைவுச்சாலையின் ஒரு பகுதி கடலடித் தரைக்கும் கீழே செல்கிறது. நண்பகலிலும் அங்கே விளக்கு வேண்டும். ஆகவே காருக்கு நேரம் தெரிந்தால் போதாது, வெளிச்சம் தெரிய வேண்டும்.

ஒளியால் மாறும் மின்தடை

1873ஆம் ஆண்டு வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலேயத் தந்திப் பொறியாளர் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்க செலினியக் கம்பிகளை மின்தடையாகப் பயன்படுத்தினார். அளவுகள் ஒரே மாதிரி வரவில்லை. செலினியத்தை வைத்திருந்த பெட்டியின் மூடியைத் திறந்தால் மின்தடை குறைந்தது, மூடினால் கூடியது. ஒளியால் மின்தடை மாறுகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி வந்து சேர்ந்தது அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்னர், 1871இல். அந்தக் காலத்தின் இணையம் அது!

இன்று பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் எல்.டி.ஆர். பெரும்பாலும் காட்மியம் சல்ஃபைடால் ஆனது. இருட்டில் அதன் எலக்ட்ரான்கள் அணுக்களோடு கட்டுண்டு கிடக்கும். போதிய ஆற்றலுள்ள ஒளி பட்டால் அவை விடுபட்டு மின்னோட்டத்தைக் கடத்தும். ஒளி கூடக்கூட விடுபட்ட எலக்ட்ரான்களும் கூடும், மின்தடை குறையும். காட்மியம் சல்ஃபைடுக்கு இன்னொரு சிறப்பு: மனிதக் கண்ணைப் போலவே அது பச்சை நிறப் பகுதி ஒளியை நன்கு உணரும். காட்மியம் நச்சு உலோகம் என்பதால் புதிய கார்களில் அதற்குப் பதிலாக ஒளி டயோடுகள் வந்துவிட்டன. ஆயினும் பாடம் கற்க எல்.டி.ஆரைவிட எளிய பொருள் இல்லை. ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரின் மின்னணுப் பாகக் கடைகளில் இது மலிவாகக் கிடைக்கும்.

கார்களில் ஒளியுணரி புதுமை அன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1952இலேயே ‘ஆட்ரானிக் ஐ’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. எதிரே வரும் காரின் ஒளியைக் கண்டால் அது தன் உயர் ஒளிக்கற்றையைத் தாழ்த்தும். இருட்டியதும் விளக்கைத் தானாகப் போடும் ‘ட்வைலைட் சென்டினல்’ 1964இல் கேடிலாக் கார்களில் வந்தது.

கணக்கைப் போடுவோம்

மின்தடை மாறுவதை மின்னழுத்தம் மாறுவதாக ஆக்கினால்தான் அடுத்த உறுப்புக்கு அது பயன்படும். அதற்கு மின்னழுத்தப் பகுப்பான், நீங்கள் ‘பொட்டென்ஷியல் டிவைடர்’ என்று படிப்பது, தேவை. 12 வோல்ட் மின்கலத்தின் நேர்முனையிலிருந்து 1,200 ஓம் நிலையான மின்தடை. அதன் கீழே எல்.டி.ஆர், அதன் மறுமுனை எதிர்முனையில். எல்.டி.ஆருக்குக் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தை அளக்கிறோம்.

நல்ல வெயிலில் நம் எல்.டி.ஆர். 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12 × 100 ÷ 1,300 = 0.92 வோல்ட். மேகம் கறுத்து 1,000 லக்ஸுக்கு இறங்கும்போது 400 ஓம்: 12 × 400 ÷ 1,600 = 3 வோல்ட். நள்ளிரவில் 40,000 ஓம்: 11.65 வோல்ட். (இவை கணக்குக்கு வசதியாக நான் எடுத்துக்கொண்ட மதிப்புகள். ஒரே பொட்டலத்தில் வாங்கிய இரண்டு எல்.டி.ஆர்.கள்கூட ஒத்துப்போகா. மல்ட்டிமீட்டரால் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.)

3 வோல்ட்டைத் தாண்டினால் விளக்கு எரிய வேண்டும். இதைத் தீர்மானிக்கும் வேலையை எல்எம்393 போன்ற கம்பேரட்டர் சில்லு செய்யும். இரண்டு மின்னழுத்தங்களில் எது பெரிது என்று சொல்வது மட்டுமே அதன் பணி. ஆனால் ஒரு சிக்கல். இயந்திரம் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14 வோல்ட் வரை ஏறும். 3 வோல்ட் எல்லையை மாற்றாமல் வைத்தால், எல்.டி.ஆர். 327 ஓமை எட்டியதுமே விளக்கு எரிந்துவிடும். எல்லை மின்னழுத்தத்தையும் அதே மின்கலத்திலிருந்து, 3,000 ஓம், 1,000 ஓம் கொண்ட இன்னொரு பகுப்பான் வழியாக எடுத்தால், அது எப்போதும் மொத்தத்தில் கால் பங்காகவே இருக்கும். மின்கலம் ஏறினாலும் இறங்கினாலும் இரு பக்கமும் சேர்ந்தே ஏறி இறங்கும். விகிதம் மாறாது. இந்தத் தீர்வு எனக்கு மிகவும் பிடிக்கும்.

கண் சிமிட்டும் கார்

இப்படியே இணைத்து ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வேயில் மாலையில் ஓட்டினால் என்ன ஆகும்? சாலையின் இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள். நிழல், வெளிச்சம், நிழல், வெளிச்சம். மின்னழுத்தம் 3.1, 2.9, 3.1 என்று ஊசலாடும். விளக்கு எரிந்து அணையும். எம்எக்ஸ்-5இல் அதோடு மோட்டார்களும் விளக்குகளைத் தூக்கி இறக்கிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்களுக்கு வேடிக்கை. முப்பது வயதைக் கடந்த மோட்டாருக்கோ ஆயுள் குறையும்.

இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று, எரிவதற்கு ஓர் எல்லை, அணைவதற்கு வேறோர் எல்லை: 3 வோல்ட்டைத் தாண்டினால் எரி, 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் அணை. 2 வோல்ட் என்றால் எல்.டி.ஆர். 240 ஓம். நீங்களே கணக்கிட்டுச் சரிபாருங்கள். இடைப்பட்ட பகுதியில் ஊசலாடினால் ஒன்றும் மாறாது. உங்கள் வீட்டுக் குளிர்சாதனக் கருவியும் இதே உத்தியால்தான் நிமிடத்துக்கு ஒருமுறை நின்று ஓடாமல் இருக்கிறது.

மற்றொன்று, தாமதம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 22 மீட்டர். 10 மீட்டர் அகலமுள்ள மேம்பாலத்தின் நிழலைக் கார் அரை நொடிக்குள் கடந்துவிடும். ஆகவே ஒரு நொடி பொறுத்திருந்து, இன்னும் இருட்டாக இருந்தால் மட்டும் எரியட்டும். சுரங்கத்துக்குள் நுழைந்தால் 22 மீட்டருக்குள் எரிந்துவிடும், பரவாயில்லை. அணைவதற்கோ அவசரமே இல்லை, பத்து நொடி பொறுக்கலாம். 100 மைக்ரோஃபேரட் மின்தேக்கி 10,000 ஓம் வழியாக மின்னேற்றம் பெற்றால் நேர மாறிலி 1 நொடி. 100,000 ஓம் வழியாக மின்னிறக்கம் செய்தால் 10 நொடி. போகும் வழியையும் வரும் வழியையும் பிரித்துவைக்க ஒரு டயோடு போதும்.

ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளியல் ஆணையத்தின் 48ஆம் ஒழுங்குமுறையும் இதே போக்கில்தான் செல்கிறது. 1,000 லக்ஸுக்குக் கீழே 2 நொடிக்குள் எரிய வேண்டும். 7,000 லக்ஸுக்கு மேலே, 5 நொடிக்குப் பிறகும் 300 நொடிக்குள்ளும் அணைய வேண்டும். இடையில் உள்ளது தயாரிப்பாளர் விருப்பம். விரைந்து எரி, மெல்ல அணை. வகுப்பறை கேள்விக்கு விடையும் அந்த 1,000 லக்ஸ்தான்.

சிறிய மின்னோட்டம், பெரிய மின்னோட்டம்

55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு சேர்ந்து 110 வாட். 110 ÷ 12 = 9.2 ஆம்பியர். கம்பேரட்டரால் சில மில்லி ஆம்பியர்தான் தாங்க முடியும். அது ஒரு டிரான்சிஸ்டரை இயக்கும். டிரான்சிஸ்டர் ரிலேயின் கம்பிச்சுருளுக்கு ஏறத்தாழ 0.15 ஆம்பியர் தரும். சுருள் மின்காந்தமாகி, பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் தொடுமுனைகளை இழுத்துச் சேர்க்கும். ‘டிக்’ என்ற ஒலி கேட்கும். ரிலே அணையும்போது சுருளில் தூண்டப்படும் உயர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடக்கூடும் என்பதால் சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடைத் தலைகீழாகப் போட வேண்டும்.

பழுதானால்?

என் பார்வையில் இந்தப் பாடத்தின் முக்கியப் பகுதி இதுதான். எல்.டி.ஆருக்குச் செல்லும் கம்பி அறுந்துவிட்டால் என்ன ஆகும்? மின்தடை முடிவிலி. கம்பேரட்டர் அதை நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு விளக்கைப் போட்டுவிடும். தேவையில்லாமல் எரியும் விளக்கால் ஆபத்தில்லை. தேவையானபோது எரியாத விளக்கால் உயிர் போகலாம்.  மேலேயும் கீழேயும் இடம் மாற்றி, கம்பேரட்டரின் உள்ளீடுகளையும் மாற்றினால் சுற்று அதேபோல வேலை செய்யும். கம்பி அறுந்தாலும் அதை நள்ளிரவு என்றே எடுத்துக்கொள்ளும்.

பழைய பொத்தானையும் எடுத்துவிடக் கூடாது. ரிலேயின் தொடுமுனைகளை அதற்குப் பக்க இணைப்பாகச் சேர்த்தால், இரண்டில் எது மூடினாலும் விளக்கு எரியும். புதுச் சுற்று செத்தாலும் பொத்தான் இருக்கிறது. சுற்றுக்கு மின்சாரம், சாவி போட்டால் மட்டுமே உயிர்பெறும் கம்பியிலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் வீவக பலமாடி கார் நிறுத்துமிடத்தின் மங்கலில் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்து, 45 ஆம்பியர்-மணி மின்கலத்தை ஐந்து மணி நேரத்தில் காலி செய்துவிடும்.

பின்விளக்குகளை மறந்துவிடாதீர்கள். காரின் பொத்தானில் முதல் நிலையில் பின்விளக்கு, இரண்டாம் நிலையில் முகப்பு விளக்கு. முகப்பு விளக்கை மட்டும் ரிலேயில் இணைத்தால் ஓட்டுநருக்கு முன்னால் பளிச்சென்று இருக்கும். பின்னால் கார் இருண்டு கிடக்கும். மழையில் பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு அது தெரியாது. இரண்டு ரிலே, அல்லது இரட்டைத் தொடுமுனை ரிலே, கட்டாயம்.

உண்மையான காரில் இதைச் செய்வது மாணவர்களின் வேலையன்று. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வாகன மாற்ற விதிகளைப் பார்த்து, தேர்ந்த கார் எலக்ட்ரீஷியன் ஃபியூஸுடன் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் 9 வோல்ட் மின்கலம், பிரெட்போர்டு, ஒரு எல்.இ.டி, அதற்கு 470 ஓம் மின்தடை ஆகியவற்றுடன் இதே சுற்றை மேசைமேல் செய்து பார்க்கலாம்.

அதற்கு முன் ஓர் அளவீடு. எல்.டி.ஆரை மல்ட்டிமீட்டருடன் இணைத்து, வானத்தைப் பார்த்தபடி சன்னலோரம் வையுங்கள். மாலை 6.30 முதல் 7.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மின்தடையைக் குறித்து வரைபடம் போடுங்கள். ஓம் அச்சில் 100, 1,000, 10,000 என்று பத்து மடங்காக ஏறும் அளவுகோல் எடுத்துக்கொண்டால்தான் தாளுக்குள் அடங்கும். மழை நாள் ஒன்றிலும் வெயில் நாள் ஒன்றிலும் செய்து இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து, உங்கள் எல்.டி.ஆருக்கு 3 வோல்ட் எல்லை எத்தனை மணிக்கு வருகிறது என்று பாருங்கள். சுற்றில் நிலையான மின்தடை 1,200 ஓமாகவே இருக்க வேண்டுமா, மாற்ற வேண்டுமா என்பது அப்போது தெரியும்.