கண்ணும் கணக்கும்

வாணிகத்தில் முடிவெடுக்க வேண்டியது மனமா, எண்ணா? இந்த வினாவை நான் நூலில் கற்கவில்லை. வட அந்தமானில், திக்லிபூரில், என் தந்தையாரின் மீன்படகில் கற்றேன். நாகைக் கரையிலிருந்து பிழைப்புத் தேடி அங்கே குடியேறிய குடும்பம் எங்களுடையது.

ஒவ்வொரு பயணத்திற்கும் டீசலும் பனிக்கட்டியும் கடனாகத்தான் வரும். வலை வெறுமையாகத் திரும்பலாம். கடன் அப்படித் திரும்புமா? ஆகவே, "இன்று போகலாமா? எந்தத் திசையில்?" என்பதே எங்கள் வீட்டின் பெரிய முடிவு. தந்தையார் காற்றைக் கவனிப்பார், நீவாட்டைப் பார்ப்பார், பறவைகள் தாழ்ந்து வட்டமிடும் இடத்தைக் குறித்துக்கொள்வார். "இன்று கிழக்கே" என்பார். காரணம் கேட்டால் சிரிப்பார்.

நானோ விஞ்ஞான மாணவன். ஐதராபாத்தில் 1999இல் நிறுவப்பட்ட இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், மீன் கூடக்கூடிய இடங்களை முன்னறிவிக்கிறது. செயற்கைக்கோள் கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் அளக்கிறது. அடியிலிருந்து ஊட்டமுள்ள குளிர்நீர் மேலெழும் இடத்தில் நுண்பாசி பெருகும். அதைத் தின்னச் சிற்றுயிர்கள் வரும். அவற்றைத் தேடி மீன்கள் வரும். கரையிலிருந்து திசை, தொலைவு, ஆழம் ஆகியவற்றை அறிவிப்பு கூறிவிடும்.

ஒரு விடுமுறையில் தந்தையார் தயங்கினார். "அறிவிப்பு இருக்கிறதே!" என்று பிடிவாதம் செய்து அனுப்பினேன். படகு ஏறக்குறைய வெறுமையாகத் திரும்பியது. பிறகுதான் தேதியைப் பார்த்தேன். அது மூன்று நாள் பழைய அறிவிப்பு! வானத்தை மேகம் மூடியிருந்த நாட்கள் அவை. மேகம் மறைத்தால் செயற்கைக்கோளால் பச்சையத்தைக் காண இயலாது. பிழை எண்ணில் இல்லை. எண்ணின் வயதைக் கேளாத என்னிடம் இருந்தது.

அப்படியானால் தந்தையாரின் மனமே போதுமா? அதுவும் இல்லை. அன்றுமுதல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். கரையை விடுமுன் அவருடைய கணிப்பு. திரும்பியபின் மீனின் எடை, செலவு, விற்ற விலை. இரண்டு மாதம் கழித்துப் புரட்டினோம். காற்றையும் நீவாட்டையும் பற்றி அவர் சொன்னவை பெரும்பாலும் பலித்திருந்தன. விலை பற்றிச் சொன்னவற்றுள் பாதி தவறு! "பலித்தது மட்டுந்தானே என் நினைவில் நின்றது!" என்று வியந்தார்.

இதன் காரணத்தை டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009இல் எழுதிய கட்டுரையில் கண்டேன். உள்ளுணர்வை நம்ப இரண்டு வேண்டும்: சூழலில் ஓர் ஒழுங்கு, விளைவைக் கண்டு திருத்திக்கொள்ளும் நெடும் பழக்கம். கடல் தந்தையாருக்கு நாள்தோறும் பாடம் சொன்னது. விலையோ தொலைவிலுள்ள சந்தையில், அவர் காணாத பல படகுகளின் மீனைப் பொறுத்து ஏறி இறங்கியது.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் கடை வைக்கலாம், தொழில் தொடங்கலாம். எண்ணைக் கண்டால் அது எப்போது, எப்படி எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். மனம் ஒன்று சொன்னால், முடிவெடுக்குமுன் அதை எழுதி வையுங்கள், பின்னர் ஒப்பிடுங்கள். திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே உண்டன்றோ?

இப்போது தந்தையார் அறிவிப்பைக் கேட்கிறார். பிறகு கடலைப் பார்க்கிறார். இரண்டும் ஒத்தால் முழுப் பனிக்கட்டி, ஒவ்வாவிட்டால் பாதி. கடன் குறைந்து வருகிறது.