ஒரு குமாஸ்தாவும் நட்சத்திரங்களும்

வானசாஸ்திரம் பெருங்கருவி உடையார்க்கே உரியதென நம் மாணாக்கர் பலர் எண்ணுகின்றனர். கல்வராயன் மலைக்கு வடக்கே, செங்கம் கணவாய்க்கு அப்பால், ஜவ்வாது மலைக் காவலூரில் 1986-ம் ஆண்டு முதல் விளங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் கண்டு திரும்புவோர்க்கு இவ்வெண்ணம் இயல்பே. ஆயினும் அக்காவலூரையே வந்தடைந்த ஆறங்குலக் கருவியொன்றின் வரலாறு வேறு கூறும்.

அதனைக் கையாண்டவர் வங்காளத்து ஜெசோர் நகரக் கஜானாவில் குமாஸ்தாவாயிருந்த ராதாகோவிந்த சந்திரர். பிரவேசப் பரீட்சையில் மும்முறை தவறியவர். பரீட்சைக்கு அஞ்சும் நண்பர்கள் இதனைக் கவனிப்பார்களாக. பகலில் நாணயம் எண்ணினார். இரவில் ஒளி மாறும் நட்சத்திரங்களை நோக்கினார். முறை எளிதே. ஒளி மாறாத இரு நட்சத்திரங்களை அளவாகக் கொண்டு, மாறுவதன் ஒளி அவற்றிற்கிடையே எங்கு நிற்கின்றதென மதித்து, நாளும் நேரமும் குறித்தல் வேண்டும். அவர் குறிப்புகளின் அருமையுணர்ந்த அமெரிக்க மாறொளி நட்சத்திர நோக்கர் சங்கத்தார் 1926-ல் அக்கருவியை அவருக்கு இரவலாக அனுப்பினர். அவர் அளித்த குறிப்புகள் 30,000-க்கும் மேற்பட்டன. பிற்காலத்தில் கருவி வைணு பாப்பு அவர்களின் கைக்கு மாறிக் காவலூர் சேர்ந்தது.

கருவியின்றியும் தொடங்கலாம். 2020 பிப்ரவரியில் திருவாதிரை ரோகிணியினும் மங்கியதை வெறுங்கண்ணே கண்டது. கள்ளக்குறிச்சியின் விளக்கொளியை விட்டு வெள்ளிமலைப் பக்கம் செல்வார்க்கு மார்கழி முன்னிரவில் அது கீழ்வானில் தோன்றும்; ஒப்பிடுதற்கு ரோகிணியும் ரீஜலும் அருகே உண்டு.