இணைப்பு வேறு, தரச்சான்று வேறு

கல்லூரி வாயிற்பலகைகளில் ‘பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது’, ‘தரச்சான்று பெற்றது’ என இருவகை வாசகங்களைக் காண்கிறோம். இரண்டும் ஒன்றே எனக் கருதுவோர் பலர். அது தவறு.

இணைப்பு எல்லையைப் பொறுத்தது. 1885-இல் தோன்றிய பெர்குசன் கல்லூரி புனேயில் இருந்தும், பம்பாய்ப் பல்கலைக்கழகத்துடனேயே இணைந்திருந்தது. அந்நாளில் இங்குப் பல்கலைக்கழகம் இல்லை. 1949-இல் ஜெயகரைத் துணைவேந்தராகக் கொண்டு பூனா பல்கலைக்கழகம் எழுந்தபோது, அதன் எல்லை 12 மாவட்டங்கள், கல்லூரிகளோ 18. பின்னர் 1962-இல் கோலாப்பூரிலும், 1990-இல் ஜல்காவிலும் புதிய பல்கலைக்கழகங்கள் பிறந்தன. பூனாவின் எல்லை சுருங்கியது. 2014-இல் அது சாவித்திரிபாய் புலேயின் பெயரைப் பெற்றது. நம் நாட்டிலும் இதே கதைதான். சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்த மதுரைக் கல்லூரிகள், 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதன்கீழ் வந்தன.

தரச்சான்றோ மாவட்ட எல்லை பாராதது. 1994-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட ‘நாக்’ என்னும் அவை, நாடு முழுவதற்கும் பொதுவானது. கற்பித்தல், ஆராய்ச்சி, நூலகம், மாணவர் நலன், நிர்வாகம் ஆகியவற்றை அது அளந்து பார்க்கிறது. பொறியியல் போன்ற தொழிற்கல்விக்கு, ‘என்.பி.ஏ.’ என்னும் அமைப்பு பாடப்பிரிவு வாரியாகச் சான்று தருகிறது. அமெரிக்காவில் தரச்சான்றும் நெடுங்காலம் வட்டார வாரியாகவே இருந்தது. 2020-இல்தான் மத்திய அரசின் விதிகள் அவ்வேலியை அகற்றின.

இவ்வேறுபாட்டை அறிவதால் என்ன பயன்? பட்டம் வழங்கும் உரிமை, 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின்படி, பல்கலைக்கழகங்களுக்கும், அவற்றுக்கு நிகராக அறிவிக்கப்பட்ட நிறுவனங்களுக்கும், நாடாளுமன்றம் தனியே அதிகாரமளித்த நிறுவனங்களுக்குமே உண்டு. ஆகவே, தரச்சான்று இல்லாத கல்லூரியில் பயின்றாலும், முறையான இணைப்பு இருந்தால் பட்டம் செல்லும். பட்டமளிக்கும் உரிமையோ இணைப்போ இல்லாத இடத்தில், சுவரெங்கும் சான்றிதழ்கள் தொங்கினாலும் பட்டம் செல்லாது.

‘அண்ணா, புனேயில் சேரலாமா?’ என்று ஊரிலிருந்து தம்பி தங்கையர் கேட்கின்றனர். அவர்களுக்கு மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுப்போம். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? மானியக் குழுவின் பட்டியலில் அதன் பெயர் உண்டா? தரச்சான்று எந்த நாள்வரை செல்லும்? மூன்றுக்கும் எழுத்தில் விடை கிடைத்த பின்னரே பணம் கட்டட்டும். தந்தையர் வியர்வை சிந்திச் சேர்த்த பணமும், இளமையின் மூன்று நான்கு ஆண்டுகளும் போனால் திரும்பா.