இரு வீட்டுச் சாவிகள்

நுழையும்முன்

பிறர் வீட்டுக்கு விருந்தினராகச் சென்றால், வாயிலில் நின்று வரவேற்க அவ்வீட்டார் இருப்பர். வீட்டார் இல்லாத வீட்டில், அதுவும் அயல்நாட்டில், இரண்டு வாரம் வாழ நேர்ந்தால் என்ன செய்வது? அவ்வாறு வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதையை இப்பாடத்தில் காண்போம்.

பாடம்

விடுமுறைக் காலத்தில் இரு குடும்பத்தார் தத்தம் வீடுகளை மாற்றிக்கொண்டு வாழும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. இதனை வீட்டுப் பரிமாற்றம் என்பர். இதில் வாடகையும் இல்லை. விடுதிக் கட்டணமும் இல்லை. நம் வீட்டில் அவர்கள், அவர்கள் வீட்டில் நாம் என்பதே ஏற்பாடு. 1953ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆசிரியர்கள் சிலர் குறைந்த செலவில் அயல்நாடுகளைக் காண விரும்பினர். அவர்கள் தொடங்கிய இன்டர்வாக் என்னும் அமைப்பு இவ்வழக்கத்தின் முன்னோடிகளுள் ஒன்று.

புனே நகரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம், ஜெர்மனி நாட்டின் ஃப்ரைபுர்க் நகரில் உள்ள ஒரு குடும்பத்துடன் மே மாத இறுதியில் இவ்வாறு வீடு மாற்றிக்கொண்டது. தாய், தந்தை, எட்டாம் வகுப்பில் பயிலும் மகள், நான்காம் வகுப்பில் பயிலும் மகன், பாட்டி என ஐவர் புறப்பட்டனர். புறப்படும் முன் தாய் ஒரு குறிப்பு எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினார். 14.2 கிலோ எரிவாயு உருளையைத் திறக்கும் முறை, மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் வேளை, வடிகட்டிய நீரையே பருக வேண்டும் என்பது, துளசிச் செடிக்கு நீர் ஊற்றுவது ஆகியவை அதில் இருந்தன.

ஃப்ரைபுர்க், கருங்காடு எனப்படும் மலைக்காட்டின் ஓரத்தில் அமைந்த நகரம். அதன் பழைய தெருக்களின் ஓரமாகச் சிறு வாய்க்கால்களில் தெளிந்த நீர் ஓடுகிறது. இவர்கள் தங்க வேண்டிய வீடு ஒரு கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் இருந்தது. வாயிலில் வீட்டு எண்கள் இல்லை. அழைப்பு மணிகளின் அருகே குடும்பப் பெயர்களே எழுதப்பட்டிருந்தன. உள்ளே மேசைமீது ஆங்கிலத்தில் நான்கு பக்கக் குறிப்பு ஒன்று காத்திருந்தது.

"பாட்டி இதனை எப்படிப் படிப்பார்?" என்று தந்தை கேட்டார். பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அக்குறிப்பைத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பு மகளிடம் வந்தது. அவள் தயங்கினாள். வீட்டில் தமிழ் பேசுபவள்தான். ஆனால் எழுதும்போது எங்கே லகரம், எங்கே ளகரம், எங்கே ழகரம் என்பதில் அவளுக்கு எப்போதும் குழப்பம்.

"பிழையோடு எழுது, அம்மா. திருத்திக்கொள்ளலாம். எழுதாததை எப்படித் திருத்துவது?" என்றார் பாட்டி.

அன்று இரவு ஒன்பது மணியளவிலும் சன்னலுக்கு வெளியே வெளிச்சம் இருந்தது. அவ்வெளிச்சத்தில் அமர்ந்து மகள் எழுதி முடித்தாள். 'கழிவு' என்பதை அவள் 'களிவு' என்று எழுதியிருந்தாள். பாட்டி பென்சிலால் திருத்தினார். பிறகு அத்தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

குறிப்பில் புதிய செய்திகள் பல இருந்தன. குழாய் நீரை அப்படியே பருகலாம். மின்செருகிகளுக்குத் தனிப் பொத்தான் கிடையாது. சன்னலின் கைப்பிடியை மேல்நோக்கித் திருப்பினால் சன்னலின் மேற்பகுதி மட்டும் உட்புறம் சாயும். முதல்முறை அது சாய்ந்தபோது, சன்னலே விழுகிறது என்று எண்ணித் தம்பி அலறி ஓடினான். காகிதம், உணவுக் கழிவு, உறைகள், எஞ்சிய குப்பை எனக் கழிவுகளைப் பிரித்தே போட வேண்டும். கண்ணாடிப் புட்டிகளையும் வெள்ளை, பழுப்பு, பச்சை என நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் ஆதலால், ஓசை எழும் என்பதற்காக அன்று புட்டிகளைப் போடக் கூடாது. கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு செய்திகள் அடிக்கோடிடப்பட்டிருந்தன. ஒன்று: வாயிற்கதவு சாத்தியவுடன் தானே பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து சாவியின்றித் திறக்க இயலாது. மற்றொன்று: முதல் தளத்து மூதாட்டியிடம் மாற்றுச் சாவி உள்ளது, முதல் நாளே அவரைக் கண்டு வணக்கம் கூறுங்கள். சாவிக்கு ஜெர்மன் மொழியில் 'ஷ்லுஸல்' என்று பெயர்.

"முன்பின் அறியாதவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்?" என்று தந்தை அதனைத் தள்ளிப்போட்டார். பாட்டி தள்ளிப்போடவில்லை. மறுநாள் காலை, ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கில் சிறிது எடுத்துக்கொண்டு பேரனுடன் கீழே சென்றார். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. மூதாட்டி முறுக்கைக் கடித்தார்; சிரித்தார். அறிமுகம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைகள் மூடியிருக்கும் என்பதை மறந்து ரொட்டி வாங்காமல் இருந்துவிட்டனர். தொடர்வண்டி நிலையத்தில் உள்ள கடைகள் அன்றும் திறந்திருக்கும் என்று அறிந்து, தாயும் தந்தையும் மகளும் அங்குச் சென்றனர். பாட்டி அடுப்பில் பாலை வைத்தார். அது காய்வதற்குள் உணவுக் கழிவைப் போட்டுவிட்டு வரலாம் என்று படியிறங்கினார். தம்பியும் பின்னால் ஓடிவந்தான். கதவு 'டப்' என்று சாத்திக்கொண்டது. சாவி உள்ளே இருந்தது.

தம்பி கதவைத் தள்ளினான், உதைத்தான், பிறகு அழத் தொடங்கினான். உள்ளே பால் பொங்கி வழியும் ஓசை கேட்டது. தீய்ந்த மணம் வந்தது. சிறிது நேரத்தில் புகை எச்சரிக்கைக் கருவி வீறிட்டது. பாட்டி இடுப்பிலிருந்த தாளை எடுத்தார். அவர் கை நடுங்கியது. ஆனால் எழுத்து தெளிவாக இருந்தது. முதல் தளத்துக்கு இறங்கிக் கதவைத் தட்டி, தாளைப் பார்த்து, "ஷ்லுஸல்! ஷ்லுஸல்!" என்றார்.

மூதாட்டி ஒரு கணம் விழித்தார். மேலிருந்து வந்த ஓசையைக் கேட்டதும் சாவியுடன் விரைந்தார். கதவு திறந்தது, அடுப்பு அணைக்கப்பட்டது, சன்னல்கள் திறக்கப்பட்டன. எவருக்கும் தீங்கில்லை. பாத்திரத்தின் அடி மட்டும் கரியாகிப் போயிருந்தது.

மாலையில் அப்பாத்திரத்தைச் சுற்றி ஐவரும் நின்றனர். எவ்வளவு தேய்த்தும் கருமை போகவில்லை. "இதைப் போலவே ஒன்று வாங்கி வைத்துவிடுவோம், அவர்களுக்குத் தெரியாது," என்றார் தாய்.

"நமக்குத் தெரியுமே!" என்றாள் மகள்.

அன்றிரவே நடந்ததை எழுதி அனுப்பினர். காலையில் புனேயிலிருந்து மறுமொழி வந்திருந்தது: "பாட்டியும் தம்பியும் நலமாக இருப்பதே எங்களுக்குப் பெரிது. பாத்திரம் போனால் போகட்டும். நாங்களும் ஒன்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று மூன்று நாள்களாகத் தயங்கினோம். வெயிலைக் கண்டு அஞ்சி உங்கள் துளசிக்கு நாள்தோறும் நான்கு முறை நீர் ஊற்றினோம். அது அழுகிவிட்டது. எங்களை மன்னியுங்கள்."

பாட்டி அதனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். சற்று நேரம் பேசவில்லை. அது அவர் பத்து ஆண்டுகளாக வளர்த்த செடி. பிறகு, "அன்பு மிகுந்து ஊற்றிய நீர்தானே! விதை எடுத்து வைத்திருக்கிறேன் என்று எழுது," என்றார்.

திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். வருவோரை முகமலர்ந்து ஏற்பது வீட்டாரின் கடமை. வீட்டார் இல்லாத இடத்தில், அவர்கள் எழுதி வைத்த குறிப்பே வரவேற்கிறது. அண்டை வீட்டாரே துணை நிற்கின்றனர். விருந்தினருக்கும் கடமை உண்டு: வீட்டின் முறையறிந்து வாழ்வதும், தவறு நேர்ந்தால் மறைக்காமல் கூறுவதும் ஆகும்.

சொல்பொருள்

பரிமாற்றம் – ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுதல்
மூதாட்டி – வயது முதிர்ந்த பெண்
தயங்குதல் – முடிவு செய்ய இயலாது பின்வாங்குதல்
வீறிடுதல் – உரத்த குரலில் கத்துதல்
அண்டை வீட்டார் – பக்கத்தில் வாழ்பவர்

பயிற்சி

1. குறிப்பைத் தமிழில் எழுத மகள் தயங்கியது ஏன்? பாட்டி என்ன கூறி ஊக்கமளித்தார்?
2. முறுக்குடன் சென்ற பாட்டியின் செயல் பின்னர் எவ்வாறு உதவியது?
3. "நமக்குத் தெரியுமே!" – இக்கூற்றின் பொருளை விளக்குக.
4. பொருள் வேறுபாடு அறிந்து தொடரில் அமைத்து எழுதுக: விலை, விளை, விழை.
5. உங்கள் வீட்டில் இரண்டு வாரம் தங்க வரும் அயல்நாட்டுக் குடும்பத்துக்குப் பத்து வரிகளில் ஒரு குறிப்பு எழுதுக. எழுதியதை வீட்டில் உள்ள பெரியவரிடம் காட்டித் திருத்தம் பெறுக.