கிப்லாவும் கணிதமும்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடைக்குப் பின்புறம் ஓரிடம் ஒதுக்கி முஸல்லா விரித்துத் தொழுவது நம்மவரின் வழக்கம். கடை இடம் மாறினால், கிப்லா எத்திசை என்ற கேள்வி உடனே எழுகிறது. நம் பிள்ளைகள் கற்கும் ‘சி’ என்னும் கணினி மொழியால் அதனைக் கணிக்கும் முறையை ஆராய்வோம்.

இது நமக்கு அந்நியமான கல்வியன்று. 11-ஆம் நூற்றாண்டிலேயே அல்-பிரூனி அவர்கள் கஸ்னா நகரின் கிப்லாவைக் கோணக் கணிதத்தால் வரையறுத்தார்கள். வடமொழியின் ‘ஜ்யா’ அரபியில் ‘ஜைப்’ என்று வழங்கலாயிற்று. ஜைப் என்றால் ஆடையின் மடிப்பு. அதனை லத்தீனில் ‘சைனஸ்’ என்று பெயர்க்கவே, ‘சைன்’ பிறந்தது. நாம் காசு போடும் ‘ஜேபி’யும் அந்த ஜைப்தான்.

முதலில் அளவுகள். மக்கா: அட்சரேகை 21.42, தீர்க்கரேகை 39.83. கோலாலம்பூர்: அட்சரேகை 3.14, தீர்க்கரேகை 101.69. மக்காவின் தீர்க்கரேகையில் நம்முடையதைக் கழித்தால் வித்தியாசம் −61.86 பாகை.

சி மொழியின் கணித நூலகத்தில் சைன், கொசைன், டேன், ஏடேன்2 ஆகிய சார்புகள் ஆயத்தமாக உள்ளன. ஆனால் அவை பாகையை அறியா; ரேடியனையே அறியும். 180 பாகைக்கு 3.14159 ரேடியன். ஆகவே ஒவ்வோர் அளவையும் 3.14159ஆல் பெருக்கி, 180ஆல் வகுத்தே கொடுக்க வேண்டும். கஜத்தில் விலை பேசி மீட்டரில் அளந்து கொடுத்தால் முதல் நிற்குமா? மாற்ற மறந்தால் கணினி எச்சரிக்காது. 52 பாகை என்று வடகிழக்கைக் காட்டிவிடும்!

இனிக் கணக்கு:

1. வித்தியாசத்தின் சைன்: −0.882.

2. நம் அட்சரேகையின் கொசைனை மக்கா அட்சரேகையின் டேனால் பெருக்குக. அதிலிருந்து, நம் அட்சரேகையின் சைனையும் வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்கி வந்ததைக் கழிக்க: 0.366.

3. இவ்விரண்டையும் இதே வரிசையில் ஏடேன்2-இடம் கொடுத்து, விடையைப் பாகையாக்குக: −67.5. குறை எண்ணானால் 360 கூட்டுக: 292.5.

அதாவது, நேர் மேற்கிலிருந்து வடக்கே 22½ பாகை. கிள்ளானுக்கும் ஏறக்குறைய இதுவே.

ஒன்றை மற்றதால் வகுத்து ஏடேன் என்னும் எளிய சார்பிடம் கொடுத்தால் என்ன எனலாம். நம் ஊருக்கு விடை சரியாகவே வரும். லண்டனுக்கோ 119 பாகைக்குப் பதில் 299 வரும். கஃபாவுக்கு முதுகு காட்டி நிற்க நேரும்! வகுத்தபின் கூட்டல் கழித்தல் குறிகள் எந்த எண்ணுக்கு உரியவை என்பது மறைந்துவிடுவதே காரணம். ஏடேன்2 இரண்டையும் தனித்தனியே பார்ப்பதால் திசை தவறுவதில்லை.

கணக்கைச் சரிபார்க்க அல்லாஹ் வானத்திலேயே சாட்சி வைத்திருக்கிறான். ஆண்டுதோறும் மே 28-ஐ ஒட்டி நம் நேரப்படி மாலை சுமார் 5¼ மணிக்கும், ஜூலை 16-ஐ ஒட்டி சுமார் 5½ மணிக்கும் சூரியன் கஃபாவின் நேர் உச்சியில் நிற்கிறது. அவ்வேளை சூரியன் தென்படும் திசையே கிப்லா. கடை வாசலில் ஒரு கோலை நேராக நட்டு, பிள்ளையின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணினி விரைவாகக் கணக்கிடும். அளவைச் சரியாகக் கொடுப்பது நம் பொறுப்பு. பயனுள்ள கல்வியை அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.