மாப்பிள்ளை, பாட்டு யாருடையது?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

யார்டு வேலையை விட்டுவிட்டு முழுநேர டிஜே ஆகப்போகிறேன், நீங்கள்தான் அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாய். அதைக் கேட்டு முடிப்பதற்குள் அக்காவே போன் செய்துவிட்டாள். "மாசம் பொறந்தா சம்பளம் வருது, அத விட்டுட்டு கல்யாண வூட்ல பாட்டு போடப் போறானாம்டா" என்று புலம்பினாள். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்குக் கடிதமாகவே எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய்.

நான் மேடை ஏறியவன் இல்லை, பத்திரிகைக்காரன். ஆனாலும் சின்ன வயசில் மைக் செட்டுக் கடையில் ஒயர் சுற்றியவன் என்பதால் இந்தத் தொழிலின் உள்பக்கம் கொஞ்சம் தெரியும்.

உன் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே கிடையாது. போன வைகாசியில் பழைய வண்ணாரப்பேட்டை மண்டபத்தில் ஓரமாக நின்று கேட்டேன். முதல் பந்திக்கு எழுந்துவிட்ட கூட்டத்தைத் தேவா பாட்டு ஒன்றைப் போட்டு நிறுத்தினாய். அது ஓய்வதற்கு முன்பே அடுத்த பாட்டின் தாளத்தை அடியில் நுழைத்தாய். குரல் இன்னும் பழைய பாட்டில் இருக்கிறது, கால் புதுப் பாட்டுக்கு மாறிவிட்டது. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பையன்கூட அடுக்கியபடியே ஆடினான். அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

நான் கேட்பது வேறு. அன்றைக்கு நீ போட்ட பாட்டுகளில் உன்னுடையது எத்தனை? ஒன்றுகூட இல்லை. அடுத்தவர் பாட்டை வைத்து இன்றைக்குச் சோறு சாப்பிடலாம், அதில் தப்பில்லை. அதை மட்டும் வைத்து இருபது வருஷம் ஓட்ட முடியாது. ஏனென்றால் அதே பாட்டு எல்லார் பென் டிரைவிலும் இருக்கிறது. உன்னைவிட ஆயிரம் ரூபாய் குறைத்துக் கேட்கிற பையன் அடுத்த பிளாக்கிலேயே இருப்பான்.

தொழிலின் வருமானத்தைக் கொஞ்சம் பார். தை, வைகாசி, ஆவணி என்றால் ஒரே நாளில் ரெண்டு மண்டபம் கூப்பிடும். ஆடியில் கல்யாணம் கிடையாது. நம்ம பக்கம் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதால் மைக் செட்டுக்காரருக்கு வேலை இருக்கும், உனக்கு அதில் பாதிகூட வராது. மார்கழியில் கிறிஸ்துமஸும் புத்தாண்டு ராத்திரியும்தான் கதி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பாக்ஸ், ஆம்பு, லைட்டு எல்லாவற்றையும் இஎம்ஐயில் வாங்கி வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை நீயே பார்த்தாய். பாக்ஸ் வீட்டில் தூங்கினாலும் தவணை தூங்காது. அதனால் இப்போதைக்குக் கன்ட்ரோலரும் ஹெட்போனும் உன்னுடையதாக இருந்தால் போதும். மீதி வாடகை.

போன மாசம் நீ போட்ட ரீமிக்ஸை காப்பிரைட் என்று தூக்கிவிட்டார்கள், கல்யாணத்தில் போட்டால் மட்டும் ஏன் யாரும் கேட்பதில்லை என்று கேட்டிருந்தாய். காரணம் இருக்கிறது. 1957ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருகிறது. அந்த விலக்கு கல்யாணத்தோடு முடிந்தது. ஓட்டலில் டிக்கெட் போட்டு நடத்தும் நியூ இயர் பார்ட்டிக்கு அது கிடையாது, உரிமம் வாங்கியாக வேண்டும். இணையத்தில் ஏற்றும் ரீமிக்ஸுக்கும் கிடையாது. அடுத்தவர் பாட்டின் மேல் நீ எவ்வளவு அழகாக அடி போட்டாலும் அது அடுத்தவர் மனையில் கட்டின வீடுதான்.

உனக்கு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பம்பாயில் சரண்ஜித் சிங் என்று ஒருவர் இருந்தார். இந்தி சினிமாவில் எஸ்.டி.பர்மன், ஆர்.டி.பர்மன், லட்சுமிகாந்த் பியாரேலால் போன்றவர்களின் ரிக்கார்டிங்குகளில் கிட்டாரும் சிந்தசைசரும் வாசித்தவர். வீட்டுச் செலவுக்குச் சொந்தமாக ஒரு ஆர்கெஸ்ட்ரா வைத்துக்கொண்டு கல்யாணங்களில் வாசித்தார். ஆமாம், உன்னைப் போல. அந்தச் சமயத்தில் ஜப்பான் ரோலண்டு கம்பெனியின் புது மெஷின்கள் அவர் கைக்கு வந்தன. டிஆர்-808 என்ற தாள மெஷின், டிபி-303 என்ற பேஸ் மெஷின், ஜூபிடர்-8 சிந்தசைசர். மூன்றையும் இணைத்தார். அடியில் டிஸ்கோ தாளத்தை ஓடவிட்டு மேலே பைரவி, யமன், மால்கௌன்ஸ் என்று பத்து ராகங்களை வாசித்தார். 1982இல் எச்எம்வியில் இசைத்தட்டாக வந்தது. யாரும் சீந்தவில்லை.

டிபி-303 என்ற அதே பெட்டியை வைத்து சிகாகோ பையன்கள் ஃப்யூச்சர் என்ற பெயரில் ஒரு இசைத்தட்டு போட்டது 1987இல். அதிலிருந்துதான் ஆசிட் ஹவுஸ் என்ற வகையே கிளம்பியதாகச் சொல்வார்கள். டச்சுக்காரர் ஒருவர் நம்ம சரண்ஜித் சிங்கின் தட்டை டெல்லிக் கடை ஒன்றில் கண்டெடுத்து, 2010இல் மறுபடி வெளியிட்டார். கேட்டவர்களுக்குத் தலை சுற்றியது. சிகாகோவுக்கு ஐந்து வருஷம் முன்பே பம்பாயில் இந்தச் சத்தமா என்று. எழுபது வயசை ஒட்டியிருந்த அந்த மனிதரைத் தேடிப்பிடித்து ஐரோப்பிய மேடைகளில் ஏற்றினார்கள். 2015இல் இறந்தார்.

சிகாகோக்காரர்கள் அவரைக் காப்பியடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை, அவர்களுக்கு இவரைத் தெரியவே தெரியாது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர் வாசித்த எத்தனையோ கல்யாணங்களில் ஒன்றைக்கூட இன்றைக்கு யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. சொந்தமாகச் செய்த அந்த ஒரு தட்டு, மேலே தன் பெயர் இருந்த தட்டு, அதுதான் திரும்பி வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. அதே சமயம் அந்தத் தட்டு போடும் தைரியம் அவருக்கு வந்ததற்குக் கல்யாண வருமானமும் ரிக்கார்டிங் சம்பளமும்தான் காரணம் என்று நினைக்கிறேன். ரெண்டும் வேண்டும்.

சரி, உன்னுடைய சத்தம் எது? நீ அனுப்பிய மூன்று டிராக்கையும் கேட்டேன். சுத்தமாக இருக்கின்றன. ஆனால் பெர்லினில் ஒரு பையன், சியோலில் ஒரு பையன், மூலக்கொத்தளத்தில் ஒரு பையன் என்று யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். எஃப்எல் ஸ்டுடியோ சாஃப்ட்வேரில் கூடவே வரும் அதே கிக், அதே கிளாப். உன் ஜன்னலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று அந்த டிராக்கில் தெரியவில்லை.

உன் ஜன்னலுக்குக் கீழே என்ன நடக்கிறது? மொழிப்போர்த் தியாகிகள் தாளமுத்துவும் நடராசனும் அடங்கியிருக்கிற மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குச் சாவு ஊர்வலம் போகிறது. முன்னால் சட்டி, கட்டமோளம், பறை. சட்டிக்காரர் அடிப்பதை எப்போதாவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாயா? மெல்லிசுக் குச்சி ரெண்டு. பக்கத்து வீட்டு அடுப்பில் கடுகு பொரிகிற மாதிரி பொரிந்துகொண்டே இருக்கும். தெருமுனை திரும்பும்போது ஆடுகிற பையன்களைப் பார்த்துக் கொஞ்சம் முடுக்குவார். பூ தூவ நிற்கும் இடத்தில் இழுத்துப் பிடிப்பார். கட்டமோளக்காரர் அதற்கு ஒரு மயிரிழை பின்னால் விழுவார். சாவுக்குத்தின் உயிர் அந்த மயிரிழையில்தான் இருக்கிறது. அதை ரிக்கார்டு செய்து கம்ப்யூட்டரில் போட்டு, கட்டத்துக்குள் சரியாக உட்கார வைக்கிறேன் பேர்வழி என்று குவான்டைஸ் பட்டனை அழுத்தினால் பிணமும் எழுந்து போய்விடும், தாளமும் செத்துவிடும். அடியைக் கட்டத்துக்கு இழுக்காதே, கட்டத்தை அடிக்கு இழு. சாஃப்ட்வேரில் அதற்கு வழி இருக்கிறது, கத்துக்கொள்.

இதை உனக்கு முன்னால் செய்தவர்கள் இருக்கிறார்கள். லண்டனில் வளர்ந்த ஈழத்துப் பாடகி எம்.ஐ.ஏ., 2007இல் வந்த 'காலா' ஆல்பத்துக்காகச் சென்னை வந்து நம்ம மேளக்காரர்களின் உறுமியைப் பதிவு செய்துகொண்டு போனார். இசையமைப்பாளர் டென்மாவும் இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியபோது, சட்டியும் கட்டமோளமும் எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பக்கத்தில் சமமாக நின்றன. அதுவரை சாவுக்கு மட்டும் கூப்பிட்ட வாத்தியத்தை மேடைக்கு முன்னால் நின்று கேட்கலாம் என்று பல பேருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. புளியந்தோப்பு கானா பாலாவை எடுத்துக்கொள். சட்டம் படித்த மனிதர். 2012இல் 'அட்டகத்தி' வந்த பிறகுதான் ஊர் முழுக்கத் தெரிந்தார். அதற்கு முன்பு எத்தனையோ வருஷம் ஏரியாவில் பாடிக்கொண்டேதான் இருந்தார்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். கானாவின் வரலாறே பெயர் தொலைந்தவர்களின் வரலாறு. சாவு வீட்டில் விடிய விடிய ஒருவர் கட்டின பாட்டை நாளைக்கு இன்னொருவர் பாடுவார், மறுநாள் மூன்றாவது ஆள் மாற்றுவார். அதுவரை அது அழகு. கேசட் வந்து, சினிமா வந்து, காசு வந்தபோது முதலில் கட்டினவர் எங்கே என்று தேட ஆளில்லை. அது பழைய காலம் என்று நினைக்காதே. 'என்ஜாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்தது. உலகம் முழுக்க ஓடியது. பிரான்சின் டிஜே ஸ்நேக் அதற்கு ரீமிக்ஸ் போட்டார். அந்தப் பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்று பொதுவெளியில் பேச்சு முற்றியது. 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று வீடியோவில் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பெயர் பெற்றவர்களுக்கே இந்த நிலைமை என்றால், மூலக்கொத்தளம் ஹவுசிங் போர்டிலிருந்து வருகிற உனக்கு என்ன என்பதுதான் என் கவலை.

ஆகவே பேப்பர். ஒரு பாட்டுக்கு நாலு பேர் உட்கார்ந்தால், பாட்டு வெளியே போவதற்கு முன்பே யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு பக்கம் போதும். "நமக்குள்ள என்னடா பேப்பர்" என்று சொல்கிற நண்பனிடம்தான் முதலில் வாங்க வேண்டும். மெட்டும் வரியும் உன்னுடையது என்றால் ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகு. 1969இலிருந்து இருக்கிற காப்புரிமைச் சங்கம் அது. 2012இல் சட்டத்தைத் திருத்தியபோது, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்குள்ள சமபங்கை, வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது என்று வைத்துவிட்டார்கள். "மொத்த ரைட்ஸும் எங்களுக்கு, ஒரே பேமென்ட்" என்று யாராவது பேனாவை நீட்டினால் இது ஞாபகம் இருக்கட்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சட்டிக்காரரை ரிக்கார்டு செய்யும்போது நீதான் முதலாளி. அவருக்குச் சாவுக்குக் கொடுக்கிற கூலியைக் கொடுத்து, ஒரு குவாட்டரும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் அடியை வருஷக்கணக்கில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் நீயும் அந்தக் கேசட் கம்பெனிக்காரன்தான். சம்பளம் கொடு, பங்கு எழுது, பெயரைப் போடு.

காதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷ் வகுத்த கணக்கு. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான். நீ பாக்ஸுக்குப் பக்கத்தில் நாலு மணி நேரம் நிற்கிறாய். காதுக்குள் விடிய விடிய ஒரு விசில் கேட்க ஆரம்பித்தால் அதற்கு மருந்து கிடையாது. ஹெட்போன் வாங்கும் அன்றைக்கே நல்ல காதடைப்பானும் வாங்கு. அப்புறம் ராத்திரி 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஸ்பீக்கர் போடக் கூடாது என்பது 2000ஆம் வருஷ விதி. மாப்பிள்ளை வீட்டார் "இன்னொரு பாட்டுப்பா" என்பார்கள், போலீஸ் வந்தால் பிடித்துக்கொண்டு போவது உன் ஆம்பைத்தான். ஸ்டான்லி ஆஸ்பத்திரியைச் சுற்றிக் குடியிருக்கிற நமக்கு, ஆஸ்பத்திரிப் பக்கம் சத்தம் கூடாது என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

வேலையை விடுவதைப் பற்றி. ஏ.ஆர்.ரஹ்மானின் அப்பா ஆர்.கே.சேகர் 1976இல் தவறியபோது, அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது. பையன் வளர்ந்து மற்ற இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு வாசித்தார், விளம்பரங்களுக்கு ஜிங்கிள் போட்டார், வீட்டோடு ஒரு ஸ்டுடியோ கட்டினார். 'ரோஜா' வந்தது 1992இல். பெரிய பெயரைச் சொல்லி உன்னை மிரட்டவில்லை. நடுவில் இருந்த பதினாறு வருஷத்தைப் பார் என்கிறேன். அந்த வருஷங்களில் வாடகையும் ஜிங்கிளும்தான் அடுப்பெரித்தன.

எனவே யார்டு வேலையை இப்போது விடாதே. ஷிப்ட் மாற்றிக் கேட்டுப் பார். சனி, ஞாயிறு கல்யாணங்களை எடு, பாதி அட்வான்ஸ் வாங்காமல் தேதி கொடுக்காதே. வரவு செலவை ஒரு நோட்டில் எழுது. வாரத்தில் ரெண்டு ராத்திரியாவது மண்டபமும் இல்லாமல் போனும் இல்லாமல் உன் சொந்த டிராக்குக்கு உட்கார். பாட்டு போட்டு வருகிற காசு, சீசன் இல்லாத மாசங்களையும் சேர்த்து, ஒரு முழு வருஷம் யார்டு சம்பளத்தைத் தாண்டினால் நானே அக்கா முன்னால் வந்து உட்கார்ந்து பேசுகிறேன்.

அதுவரை ஒரு வேலை செய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டிக்காரரைப் போய்ப் பார். அவரை நம்ம ஏரியாவில் எல்லாருக்கும் தெரியும். சாவு இல்லாத நாளாகப் பார்த்துப் போ, மரியாதையாகக் கேள், காசைக் கையில் கொடுத்துவிட்டு மைக்கை வை.

உன் மாமா