நீருக்கு உயரம் கொடுத்த செங்கல்

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளுடன் ஹெசரகட்டாவுக்குச் சென்றிருந்தேன். அங்குள்ள பழைய செங்கல் வளைவுகளைக் கண்டதும், "அப்பா, இது கோட்டையா?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா. உன் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து பிழைப்புக்கு வந்தபோது குடித்த தண்ணீர் வந்த வழி" என்றேன்.

நம் இளைஞர்கள் அறிய வேண்டிய பாடம் இது.

தண்ணீர் தானாக மேலே ஏறாது. 10 மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால், கீழே குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். அதற்காகவே விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நீர்க்கோபுரங்கள் எழுந்தன. 1883-இல் கோல்செஸ்டர் நகரில் கட்டிய கோபுரத்தில், பெரிய செங்கல் தூண்களும் வளைவுகளும் உச்சியிலுள்ள தொட்டியைத் தாங்குகின்றன. செங்கல் வளைத்தால் முறியும், அழுத்தினால் தாங்கும். வளைவு, மேலுள்ள பாரத்தை அழுத்தமாக மாற்றித் தூண்களில் இறக்கிவிடுகிறது.

பெங்களூரின் சிக்கல் வேறு. ஊர் மேட்டில், ஆர்க்காவதி ஆறு பள்ளத்தில். தர்மாம்புதி, சம்பங்கி போன்ற ஏரிகள் மழை பொய்த்தால் வற்றிவிடும். எனவே பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், சுமார் 18 கி.மீ. தொலைவிலுள்ள ஹெசரகட்டாவில் 1894-இல் நீர்த்தேக்கம் உருவாயிற்று. 1896-இல் நகருக்குத் தண்ணீர் வந்தது.

தரபனஹள்ளி வரை செங்கல் கால்வாய். சரிவு அதிகமானால் செங்கல் அரிக்கும். குறைந்தால் வண்டல் படியும். இரண்டுக்கும் நடுவே அளந்து கட்ட வேண்டும். நிலம் தாழும் இடத்தில் வளைவுகள் கால்வாயைத் தாங்கின. பிறகு சோலதேவனஹள்ளியில் நீராவி இயந்திரங்கள் தண்ணீரை மேலேற்றி மல்லேசுவரம் மேட்டுக்கு அனுப்பின. நமக்கு அந்த மேடே கோபுரம்!

ஊர் வளர்ந்தது, ஹெசரகட்டா போதவில்லை. 1933-இல் திப்பகொண்டனஹள்ளியும், 1974-இல் காவிரியும் துணைக்கு வந்தன. இன்று காவிரி நீர் சுமார் 100 கி.மீ. கடந்து, ஏறத்தாழ 500 மீட்டர் ஏறி வருகிறது. அப்படியும் 2024 கோடையில் குடங்களுடன் லாரிக்குக் காத்து நின்றோம். தர்மாம்புதி பேருந்து நிலையமாகவும், சம்பங்கி விளையாட்டரங்கமாகவும் மாறிவிட்டன. அருகில் இருந்ததைத் தூர்த்துவிட்டுத் தொலைவிலிருந்து ஏற்றுகிறோம்.

குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி: உங்கள் வீட்டு மாடித் தொட்டி குழாயிலிருந்து எத்தனை மீட்டர் உயரம்? அழுத்தத்தைக் கணக்கிடுங்கள். பிறகு, முன்பு எங்கே தண்ணீர் பிடித்தார்கள் என்று பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். என் மகள் எழுதத் தொடங்கிவிட்டாள்.